கவிஞர் எமே செசேர் பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் 47 ஆண்டுகள் என்ன செய்தார்?

கேள்வி இதுதான்: காலனியத்தை அவ்வளவு கடுமையாகச் சாடிய மார்த்தினிக் கவிஞர் எமே செசேர், அதே பிரான்சின் நாடாளுமன்றத்தில் அரை நூற்றாண்டுக்குக் கொஞ்சம் குறைவாக உட்கார்ந்திருந்தாரே, எப்படி? அங்கே உருப்படியாக ஏதாவது செய்தாரா? தன் தீவுக்கு விடுதலை ஏன் கேட்கவில்லை?

பெரும்பாலோர் அவரைக் கவிதை வழியாகத்தான் தெரிந்துகொள்கிறார்கள். நானும் அப்படித்தான். கவிஞர் என்று நினைத்துக்கொண்டு அவருடைய அரசியலைப் பார்த்தால் குழப்பமாக இருக்கும். 1945 அக்டோபரில் தேர்தலில் வென்று உள்ளே போனவர் 1993 வசந்தத்தில்தான் வெளியே வந்தார். கூடவே, 1945 முதல் 2001 வரை, 56 ஆண்டுகள், மார்த்தினிக்கின் தலைநகரான ஃபோர்-தெ-ஃபிரான்ஸ் நகரத்தின் மேயர். புதுச்சேரிக்காரர்கள் இன்னமும் பேச்சில் சொல்லும் 'மேர்' அதே சொல்தான். இத்தனை காலத்தில் ஒருமுறைகூட அமைச்சரானதில்லை. என் கணிப்பில், அந்த 47 ஆண்டு வாழ்க்கை முழுவதும் முதல் ஆறு மாதத்தில் அவர் செய்த ஒரே காரியத்தின் பின்விளைவு. தானே சபையில் வாதாடி நிறைவேற்றிய சட்டத்தின் பின்னாலேயே கடைசிவரை ஓடிக்கொண்டிருந்தார்.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். மார்த்தினிக் கரீபியக் கடலில் சுமார் 1,100 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தீவு. 1635லிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கையில். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவந்த அடிமைகளைக் கொண்டு கரும்பு விளைவித்த பூமி. 1848இல் அடிமை முறை ஒழிந்ததும் ஆண்கள் எல்லாருக்கும் குடியுரிமை வந்தது, வாக்குரிமை வந்தது, பாரிசுக்கு உறுப்பினரை அனுப்பும் உரிமையும் வந்தது. அந்த ஒழிப்பு ஆணைக்குப் பின்னால் நின்ற விக்தோர் ஷோல்ஷேரையே மார்த்தினிக் மக்கள் தங்கள் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஆக, பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் மார்த்தினிக்காரர் ஒருவர் இருப்பது செசேர் காலத்துப் புதுமை இல்லை. வாக்கு இருந்தது, ஆனால் வாழ்க்கையை மாற்றும் சட்டங்கள் இல்லை. ஆள்வது பாரிஸ் அனுப்பிய கவர்னர். நிலமும் சர்க்கரை ஆலைகளும் 'பெக்கே' எனப்படும் உள்ளூர் வெள்ளைக் குடும்பங்களிடம். பிரான்சில் தொழிலாளி போராடிப் பெற்ற காப்பீடு, ஓய்வூதியம் எல்லாம் கடலைத் தாண்டி வரவில்லை.

செசேர் பிறந்தது 1913 ஜூன் 26, தீவின் வடகோடியில் உள்ள பாஸ்-புவாந்த் என்ற ஊரில். இங்கே ஒரு சின்ன விலகல். அடிமை முறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டுமே என்று 1853 முதல் காரைக்கால், புதுச்சேரித் துறைமுகங்கள் வழியாக ஒப்பந்தக் கூலிகளைக் கப்பல் கப்பலாக ஏற்றிப் போனார்கள். சுமார் 25,000 பேர், பெரும்பகுதி தமிழர்கள். அவர்களுடைய வாரிசுகள் அடர்த்தியாக வாழும் ஊர்களில் பாஸ்-புவாந்த் ஒன்று. நம்ம மதுரைவீரன் அங்கே 'மால்தெவிதான்' ஆகிவிட்டான்! கோவிலும் ஆட்டுப்பலியும் இன்றும் உண்டு. செசேர் தன் நீண்ட கவிதையில், நான் யாராகவெல்லாம் இருப்பேன் என்று ஒடுக்கப்பட்டவர்களை அடுக்கும்போது கல்கத்தாவின் இந்து மனிதனையும் சேர்க்கிறார். கல்கத்தா என்றது கவிதைக்காக இருக்கலாம், அவர் ஊரில் பார்த்தது காரைக்கால் முகங்களைத்தான்.

படிப்பில் கெட்டி. 1931இல் உதவித்தொகையோடு பாரிஸ் போனார். லூயி-லெ-கிரான் பள்ளியில் செனகல்காரரான லெயோபோல் செங்கோர் நண்பரானார். 'நெக்ரித்யூட்' என்ற சொல், கறுப்பாக இருப்பதை வெட்கமாக இல்லாமல் பெருமையாக எடுத்துக்கொள்ளும் அந்தச் சிந்தனை, அந்த நட்பு வட்டத்தில் பிறந்ததுதான். 1939இல் ஊர் திரும்பி, தான் படித்த ஷோல்ஷேர் பள்ளியிலேயே ஆசிரியரானார். அவரிடம் பயின்றவர்களில், பின்னாளில் காலனிய எதிர்ப்புச் சிந்தனையாளராகப் பெயர்பெற்ற ஃபிரான்ஸ் ஃபனோனும் ஒருவர். அப்புறம் போர் வந்தது. ஜெர்மனிக்குப் பணிந்துபோன பிரான்சின் விஷி அரசுக்கு விசுவாசமான ஒரு கடற்படைத் தளபதி தீவை ஆண்டார். முற்றுகையால் பஞ்சம். அந்த நேரத்தில் செசேரும் மனைவி சுசானும் நண்பர்களும் ஓர் இலக்கியப் பத்திரிகை நடத்தினார்கள். 1943இல் தணிக்கை அதிகாரி காகிதம் தர மறுத்தார். சுசான் செசேரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். கணவரின் நிழலில் மறைந்துபோன முதல்தர எழுத்தாளர் அவர்.

சரி, அரசியலுக்கு எப்படி வந்தார்? திட்டம் எதுவும் இல்லை. 1945இல் கம்யூனிஸ்ட் நண்பர்கள் நகராட்சித் தேர்தலுக்குப் பட்டியல் தயாரித்தபோது ஊருக்குத் தெரிந்த ஒரு பெயர் தேவைப்பட்டது. வாத்தியார் பெயரைப் போட்டார்கள். ஜெயிக்கும் என்ற நம்பிக்கை அவருக்கே இல்லை. நண்பர்களுக்காகக் கையெழுத்துப் போட்டதாகப் பிறகு சொல்லியிருக்கிறார். பட்டியல் அமோகமாக வென்றது. 31 வயதில் மேயர். அதே ஆண்டு அக்டோபரில், போருக்குப் பிந்தைய அரசியல் நிர்ணய சபைக்கும் கம்யூனிஸ்ட்டாகவே தேர்வானார். அந்தச் சபைக்குள் நுழைந்தால் பழைய நண்பர் செங்கோரும் செனகல் உறுப்பினராக உட்கார்ந்திருக்கிறார். புதுச்சேரி, காரைக்கால் உள்ளிட்ட பிரெஞ்சிந்தியாவுக்கும் அங்கே ஓர் இருக்கை இருந்தது.

இப்போது 1946 மார்ச். மார்த்தினிக், குவாதலூப், பிரெஞ்சுக் கயானா, ரெயூனியோன் ஆகிய நான்கு பழைய காலனிகளையும் பிரான்சின் மாவட்டங்களாக, அவர்கள் மொழியில் 'தெபார்த்தமான்'களாக, மாற்ற மூன்று மசோதாக்கள் வந்தன. கொண்டுவந்தவர்கள் மார்த்தினிக்கின் லெயோபோல் பிசோல், கயானாவின் கஸ்தோன் மோனெர்வில், ரெயூனியோனின் ரேமோன் வெர்ஜெஸ். பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா குழுவுக்குப் போனால் அதை ஆராய்ந்து, திருத்தி, சபையில் எடுத்து வாதாட ஓர் உறுப்பினரை நியமிப்பார்கள். அறிக்கையாளர் என்று வைத்துக்கொள்ளலாம். அமைச்சருக்கு அடுத்தபடியாக ஒரு சட்டத்தின் விதியைத் தீர்மானிப்பது இந்த ஆள்தான். மூன்று மசோதாவுக்கும் சேர்த்து அறிக்கையாளராகச் செசேரைப் போட்டார்கள். சபைக்கு வந்து ஐந்து மாதம்கூட ஆகாத புதுமுகம்.

மார்ச் 12 அன்று அவர் பேசியதில் கவிதை குறைவு, கணக்கு அதிகம். நோய் வந்தால் ஆலைத் தொழிலாளிக்கு என்ன கிடைக்கிறது, வேலை போனால் என்ன, வயதானால் என்ன என்று ஒவ்வொன்றாக எடுத்தார். மூன்று நூற்றாண்டாகப் பிரான்சோடு இருக்கிறோம், அதன் போர்களில் செத்திருக்கிறோம், அதன் சட்டம் மட்டும் எங்களுக்கு ஏன் இல்லை என்பதுதான் சாரம். விடுதலை கேட்கவில்லை, சமத்துவம் கேட்டார். அன்றைய மார்த்தினிக்கில் கரும்பு வெட்டுபவருக்குக் கொடியைவிட ஓய்வூதியம் அவசரமாக இருந்தது. பெக்கே முதலாளிகளில் பலர் இந்தச் சட்டத்தைக் கண்டு நெளிந்தார்கள் என்பதையும் கவனியுங்கள். பிரெஞ்சுச் சமூகச் சட்டம் வந்தால் செலவு அவர்கள் தலையில்தானே விழும்! மசோதா ஒருமனதாக நிறைவேறியது. மார்ச் 19 அன்று சட்டமானது.

இதைத்தான் பிறகு பலரும் அவர் முகத்தில் எறிந்தார்கள். உலகமெங்கும் காலனிகள் வெளியேறத் தொடங்கிய நேரத்தில் இவர் உள்ளே போகக் கதவைத் தட்டினார் என்று. அது நியாயமான விமர்சனம் என்று எனக்குத் தோன்றவில்லை. 1946இல் இந்தியாவே இன்னும் விடுதலை பெறவில்லை, ஆப்பிரிக்காவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். தீவு மக்களும் இதைத்தான் கேட்டார்கள். அவர் ஏமாந்தது வேறு இடத்தில்: பாரிஸ் தன் சட்டத்தைத் தானே மதிக்கும் என்று நம்பியதில்.

பிரான்சில் இருக்கும் சட்டங்கள் 1947 ஜனவரி 1க்குள் ஆணைகள் மூலம் புதிய மாவட்டங்களுக்கு நீட்டிக்கப்பட வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருந்தது. அந்தத் தேதி கடந்தது, தள்ளிப்போடப்பட்டது, மறுபடி தள்ளிப்போடப்பட்டது. கவர்னர் போய் 1947இல் பிரிஃபெக்ட், அதாவது பாரிஸ் நியமிக்கும் மாவட்டத் தலைமை அதிகாரி, வந்தார். அதிகாரம் குறையவில்லை, பாரிசுக்கு இன்னும் நெருக்கமானது. பிரான்சிலிருந்து வந்த அரசு ஊழியருக்குச் சம்பளத்தோடு விலைவாசிப் படி. பக்கத்து நாற்காலியில் அதே வேலை பார்க்கும் உள்ளூர்க்காரருக்கு இல்லை. அதைப் பெற 1953இல் பெரிய வேலைநிறுத்தம் நடத்த வேண்டியிருந்தது. குடும்ப நல உதவித்தொகை குறைவாகவே வந்தது. அதிலும் ஒரு பகுதியைத் தாயின் கையில் கொடுக்காமல் பள்ளி உணவகம் போன்றவற்றுக்குத் திருப்பினார்கள். குறைந்தபட்ச ஊதியம் பிரான்சில் ஒன்று, தீவில் அதைவிடக் குறைவாக ஒன்று. அது சமமான ஆண்டு எது தெரியுமா? 1996. சட்டம் வந்து சரியாக 50 ஆண்டு. செசேர் நாடாளுமன்றத்தை விட்டுப் போயே மூன்று ஆண்டு ஆகியிருந்தது.

அவர் ஒரு சொல்விளையாட்டு வைத்திருந்தார். பிரெஞ்சில் இரண்டு சொற்களை இடம் மாற்றினால் பொருள் தலைகீழாகும். நாங்கள் முழுப் பிரெஞ்சுக்காரர்களாக ஆவோம் என்று பார்த்தோம், முழுக்கத் தனியாக ஒதுக்கப்பட்ட பிரெஞ்சுக்காரர்களாக ஆகிவிட்டோம் என்று தமிழில் சொல்லலாம். அந்த இடமாற்றத்தின் சுருக்கு தமிழுக்கு வரவில்லை. பிரெஞ்சில் கேட்டால் சாட்டை மாதிரி இருக்கும்.

ஆக, அவருடைய நாடாளுமன்ற வேலையின் பெரும்பகுதி என்ன என்று கேட்டால் விடை சலிப்பூட்டும்: அந்த ஆணை எங்கே, இந்த நிதி எங்கே, பிரான்சில் இருப்பது இங்கே ஏன் இல்லை என்று ஆண்டுக்கு ஆண்டு நிதிநிலை விவாதத்தில் எழுந்து கேட்பது. பாதி காலியான சபையில், கடல்கடந்த மாவட்டங்களுக்கான ஒதுக்கீடு விவாதத்துக்கு வரும் நாளில், அவர் எழுந்து நிற்பார். கவிதை நூல்கள் பேசாத செசேர் இவர்தான்.

ஆனால் சபை நிறைந்து கொதித்த நாட்களும் உண்டு. 1950 மார்ச்சில் ஒரு விவாதத்தில் அவர் காலனி ஆட்சியைத் தாக்கிப் பேசிக்கொண்டிருந்தார். எதிர்வரிசையிலிருந்து ஒரு குரல்: உங்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்ததே நாங்கள்தான், அதற்குச் சந்தோஷப்படுங்கள் என்ற தொனியில். செசேர் அந்த உறுப்பினரின் பெயரைச் சொல்லி, எனக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்தது நீங்கள் இல்லை, தங்கள் பிள்ளைகள் படிக்க வேண்டும், ஒருநாள் தங்களுக்காகப் பேச வேண்டும் என்று ரத்தம் சிந்தி உழைத்த ஆயிரக்கணக்கான மார்த்தினிக்காரர்கள்தான் என்றார். அதே விவாதத்தில் இன்னொருவர் கேட்டது: பிரான்ஸ் இல்லாவிட்டால் நீங்கள் என்ன ஆகியிருப்பீர்கள்? சுதந்திரத்தைப் பறிக்க யாரும் முயலாத ஒரு மனிதனாக இருந்திருப்பேன் என்று பதில் வந்தது. அதே ஆண்டில்தான் காலனியம் பற்றிய அவருடைய புகழ்பெற்ற உரைநூலும் வெளிவந்தது. அதைப் படிப்பவர்கள் இந்தக் கூச்சல்களைப் பின்னணி ஓசையாக வைத்துக்கொண்டு படித்தால் நடை ஏன் அப்படி இருக்கிறது என்பது புரியும். ஏட்டறையில் உட்கார்ந்து எழுதியவரின் கோபம் இல்லை அது. எதிர்வரிசையின் முகத்தைப் பார்த்துப் பழகியவரின் கோபம்.

1956 இரண்டாவது திருப்பம். அந்த மார்ச்சில் அல்ஜீரியாவில் அரசுக்குச் சிறப்பு அதிகாரம் தரும் சட்டத்துக்குப் பிரெஞ்சுக் கம்யூனிஸ்ட் கட்சி ஆதரவாக வாக்களித்தது. ஸ்டாலினின் கொடுமைகள் பற்றிச் சோவியத் தலைவர் குருஷ்சேவ் சொன்னவை வெளியே கசிந்தும் கட்சித் தலைமை வாய் திறக்கவில்லை. அக்டோபர் 24 தேதியிட்டுக் கட்சித் தலைவர் மோரிஸ் தோரெசுக்குச் செசேர் ஒரு நீண்ட கடிதம் எழுதி வெளியேறினார். அந்தக் கடிதம் பிரிவு மடல் மட்டும் இல்லை. கறுப்பின மக்களின் போராட்டத்தைப் பிரெஞ்சுத் தொழிலாளி போராட்டத்தின் ஒரு கிளையாக, அண்ணன் கையைப் பிடித்து நடக்கும் தம்பியாக நீங்கள் நினைக்கிறீர்கள் என்கிறார். தொலைந்துபோக இரண்டு வழி உண்டு, தன் தனித்தன்மைக்குள் சுவர் எழுப்பி அடைந்துகொள்வது ஒன்று, உலகப் பொதுமையில் கரைந்துபோவது மற்றொன்று என்ற புகழ்பெற்ற வாக்கியமும் அதில்தான் இருக்கிறது.

கொள்கைக்காகக் கட்சியை விட்டவர் என்று சொல்லிக் கடந்துவிடலாம். நாடாளுமன்ற நடைமுறை தெரிந்தவர்களுக்கு அதன் விலை தெரியும். பிரெஞ்சுச் சபையில் எல்லாமே கட்சிக் குழு வழியாகத்தான் நகரும். பேசும் நேரம், நிலைக்குழுவில் இடம், மசோதாவுக்கு அறிக்கையாளர் ஆகும் வாய்ப்பு எல்லாம் குழுக்கள் பங்கிட்டுக்கொள்வது. எந்தக் குழுவிலும் சேராத உறுப்பினர் பந்தியில் கடைசி இலை மாதிரி. 1946இல் ஒரு சட்டத்தையே கையில் வைத்திருந்தவர், பத்தே ஆண்டில் சில நிமிடப் பேச்சுக்குக் காத்திருப்பவரானார். பல ஆண்டு கழித்து, சோசலிஸ்ட் குழுவோடு இணை உறுப்பினராக ஒட்டிக்கொண்ட பிறகுதான் நிலைமை மாறியது.

ஆனால் ஊரில் அவர் செல்வாக்குக் குறையவில்லை. 1958 மார்ச் 22 அன்று மார்த்தினிக் முற்போக்குக் கட்சியைத் தொடங்கினார். அந்த ஆண்டே ஒரு சோதனை. சார்லஸ் டி கால் புதிய அரசியலமைப்பைப் பொதுவாக்கெடுப்புக்கு விட்டார். கினியில் சேக்கு தூரே 'வேண்டாம்' என்று சொல்லித் தன் நாட்டை விடுதலைக்குக் கொண்டுபோனார். செசேரும் முதலில் அதிருப்தியில்தான் இருந்தார். செப்டம்பரில் டி கால் தன் தூதராக ஆந்திரே மால்ரோவை ஃபோர்-தெ-ஃபிரான்சுக்கு அனுப்பினார். எழுத்தாளரிடம் எழுத்தாளர்! பேச்சு நடந்தது, வாக்குறுதிகள் வந்தன. செசேர் 'ஆம்' என்று வாக்களிக்கச் சொன்னார். அவர் அரசியலில் எனக்கு இன்றும் உறுத்தும் இடம் இதுதான். கிடைத்த வாக்குறுதிகள் என்ன ஆயின என்பதை அடுத்த ஆண்டே தீவு பார்த்தது.

1959 டிசம்பரில் தலைநகரின் சவானா திடலருகே வண்டிகள் மோதிய சின்ன விபத்து. ஒருவர் வெள்ளையர், ஒருவர் கறுப்பர். தகராறு கலவரமானது. மூன்று இளைஞர்கள் செத்தார்கள். அடுத்த ஆண்டு, ஒழுங்கைக் குலைப்பதாகக் கருதப்படும் அரசு ஊழியரைத் தீவிலிருந்து பிரான்சுக்கே மாற்றிவிடப் பிரிஃபெக்டுக்கு அதிகாரம் தரும் ஆணை வந்தது. 1963இல் கடல்கடந்த மாவட்ட இளைஞர்களைப் பிரான்சுக்குக் குடிபெயர்க்க ஓர் அரசு அலுவலகம். ஆண்களுக்கு ஆலை, மருத்துவமனைக் கடைநிலை வேலை. பெண்களுக்கு வீட்டு வேலை. எதிர்த் திசையில் பிரான்சிலிருந்து அதிகாரிகளும் குடும்பங்களும் வந்துகொண்டிருந்தார்கள். 1970களில் செசேர் இதை 'ஆள்மாற்றி நடத்தும் இனக்கொலை' என்று வர்ணித்தார். மிகையான சொல் என்று அப்போதே கண்டனம் வந்தது. எனக்கும் அது மிகையாகத்தான் படுகிறது. ஆனால் இன்று மார்த்தினிக்கில் இளைஞர்கள் வெளியேறி மக்கள்தொகை சுருங்கிக்கொண்டே வருவதைப் பார்க்கும்போது அவர் எதைப் பார்த்துப் பயந்தார் என்பது தெரிகிறது.

விடுதலை ஏன் கேட்கவில்லை என்ற கேள்விக்கு இப்போது வரலாம். அவருடைய கட்சி 1960களிலும் 70களிலும் கேட்டது தன்னாட்சி. பிரான்சுக்குள்ளேயே, ஆனால் தீவின் காரியத்தைத் தீவே முடிவுசெய்யும் ஏற்பாடு. அதற்கே மக்கள் பயந்தார்கள். தன்னாட்சி என்றால் அடுத்தது விடுதலை, விடுதலை என்றால் ஓய்வூதியமும் உதவித்தொகையும் போச்சு என்று. அந்தப் பயத்தை உண்டாக்கியது அவர் வாதாடி நிறைவேற்றிய 1946 சட்டமே. மெதுவாக, அரைகுறையாக, ஆனால் உண்மையாகவே பணம் வரத் தொடங்கியிருந்தது. கரும்பு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. தீவு தன் உற்பத்தியால் வாழ்வது போய், பாரிஸ் அனுப்பும் பணத்தில் இறக்குமதிப் பொருள் வாங்கி வாழும் நிலை வந்தது. 1964இல் டி கால் வந்தபோது சவானாத் திடலில் கூடிய கூட்டத்தைப் பார்த்து, கடவுளே, நீங்கள் எவ்வளவு பிரெஞ்சாக இருக்கிறீர்கள் என்று வியந்தாராம். கேட்டவர்களில் மேயர் செசேரும் ஒருவர். அன்று அவர் மனத்தில் என்ன ஓடியிருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

1981 இதைவிடக் கசப்பு. குடியரசுத் தலைவர் தேர்தலில் செசேர் ஆதரித்தவர் சோசலிஸ்ட் தலைவர் மிட்டெரான். பிரான்ஸ் முழுக்க மிட்டெரான் வென்றார். மார்த்தினிக்கில் சுமார் 80 சதவீதம் வாக்கு எதிராளி ஜிஸ்கார் தெஸ்தேனுக்கு! இடதுசாரிகள் வந்தால் தீவைக் கைகழுவிவிடுவார்கள் என்ற பிரசாரம் வேலை செய்தது. தன் ஆள் குடியரசுத் தலைவராகி, சொந்த மக்கள் அவரை நிராகரித்த நிலையில், மே மாத இறுதியில் செசேர் ஓர் அறிவிப்பு வெளியிட்டார்: தீவின் அந்தஸ்து பற்றிய விவாதத்தை இப்போதைக்கு நிறுத்திவைப்போம். 'மொரத்தோரியம்' என்று இன்றும் அதற்குப் பெயர். விடுதலை கேட்ட தீவிரப் போக்கினர் துரோகம் என்றார்கள். நான் அதைத் தோல்வியின் ஒப்புதலாகவும் பார்க்கிறேன், நேர்மையாகவும் பார்க்கிறேன். மக்கள் வராத இடத்துக்கு அவர்கள் பெயரைச் சொல்லி நான் மட்டும் போக மாட்டேன் என்பதே அதன் பொருள். பதிலுக்கு மிட்டெரான் அரசு அதிகாரப் பரவலாக்கத்தைக் கொண்டுவந்தது. கடல்கடந்த மாவட்டங்களுக்கு ஒரே பேரவை என்ற ஏற்பாட்டை அரசியலமைப்பு மன்றம் 1982 டிசம்பரில் தள்ளுபடி செய்தது. அதனால் ஒரே தீவில் மாவட்ட மன்றம் ஒன்று, பிராந்திய மன்றம் ஒன்று என்று இரண்டு வந்தன. பிராந்திய மன்றத்தின் முதல் தலைவர், 1983இல், செசேர்தான்.

இதுவரை பாரிசையே பேசிவிட்டேன். அவரை வாக்காளர்கள் திரும்பத் திரும்ப அனுப்பியதற்குக் காரணம் பாரிஸ் உரைகள் இல்லை. நகரமன்றம். பிரான்சில் நாடாளுமன்ற உறுப்பினரே மேயராகவும் இருப்பது நெடுநாள் வழக்கம். 2014இல் நிறைவேறி 2017இல் நடைமுறைக்கு வந்த சட்டம்தான் அதை நிறுத்தியது. ஊரில் பலம் இருந்தால் பாரிசில் பேச்சுக்கு மதிப்பு, பாரிசில் ஆள் இருந்தால் ஊருக்கு நிதி என்று இரண்டும் ஒன்றையொன்று தாங்கும். செசேர் மேயரானபோது ஃபோர்-தெ-ஃபிரான்சில் சாக்கடை திறந்து ஓடியது, மலேரியா இருந்தது, ஆலைகள் மூட மூட, கிராமத்து ஜனம் தலைநகரின் சதுப்பிலும் மலைச்சரிவிலும் தகரக் குடிசை போட்டது. த்ரெனெல் என்ற சரிவு அப்படி ஒன்று. இடித்துத் தள்ளாமல் அங்கேயே படிக்கட்டும் தண்ணீர்க் குழாயும் மின்சாரமும் கொண்டுபோனது நகராட்சி. தகரம் மெல்ல மெல்லக் காங்கிரீட் ஆனது. இன்று அங்கே போனால் ஒன்றன் தலையில் ஒன்று ஏறிய வீடுகளையும் நடுவே வளைந்து ஏறும் குறுகிய படிகளையும் பார்க்கலாம். அழகு என்று சொல்ல முடியாது. வெளியேற்றப்படாமல் அங்கேயே தங்கிய ஜனத்தின் ஊர் அது.

இதில் அவருக்குத் துணை பியேர் அலிக்கேர் என்ற மருத்துவர். பல பத்தாண்டு துணை மேயர். அவருடைய அண்ணன் ஆந்திரே அலிக்கேர் ஒரு கம்யூனிஸ்ட் பத்திரிகையாளர். பெக்கே முதலாளி ஒருவரின் வரிமோசடியை அம்பலப்படுத்திய பிறகு 1934இல் கொல்லப்பட்டு, கைகால் கட்டிய உடல் கரையொதுங்கியது. அந்த நினைவாகப் பியேர் வாழ்நாள் முழுக்க வெள்ளை உடையே உடுத்தினார். 106 வயது வரை! செசேர் பாரிசில் இருக்கும் நாட்களில் நகரத்தை ஓட்டியது அவர்தான்.

குறைகளும் சொல்ல வேண்டும். ஆலை வேலை போனவர்களுக்கெல்லாம் நகராட்சியே வேலை கொடுக்கப் பார்த்தது. சம்பளப் பட்டியல் வீங்கியது, கடன் ஏறியது. வேலைக்கு நன்றியாக வாக்கு என்ற பழக்கமும் வந்தது. ஒருவரே 56 ஆண்டு மேயர் என்பது எந்த ஊருக்கும் ஆரோக்கியம் இல்லை. ஆப்பிரிக்காவைப் பாடியவர் தன் மக்கள் வீட்டில் பேசும் கிரியோல் மொழியில் எழுதவில்லை, இலக்கணச் சுத்தமான பிரெஞ்சிலேயே எழுதினார் என்று அடுத்த தலைமுறை எழுத்தாளர்கள் 1980களின் இறுதியில் கடுமையாகக் கேட்டார்கள். அதற்கு அவரிடம் திருப்தியான பதில் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

1993இல் அவர் மறுபடி நிற்கவில்லை. இடத்துக்குக் கட்சித் தோழர் கமீய் தார்சியேர் வந்தார். 2001இல் மேயர் பொறுப்பைச் செர்ஜ் லெச்சிமியிடம் விட்டார். பதவி இல்லாமலேயே ஒரு கடைசி வேலை பாக்கி இருந்தது. 2005 பிப்ரவரியில், காலனி ஆட்சியின் 'நல்ல பங்கை'ப் பள்ளிகள் கற்பிக்க வேண்டும் என்று ஒரு பிரிவைப் பிரெஞ்சு நாடாளுமன்றம் சட்டத்தில் சேர்த்தது. ஆண்டு இறுதியில் உள்துறை அமைச்சர் நிக்கோலா சார்க்கோசி மார்த்தினிக் வரத் திட்டமிட்டபோது, 92 வயதுச் செசேர் அவரைச் சந்திக்க மாட்டேன் என்று அறிவித்தார். பயணமே ரத்தானது. அந்தப் பிரிவு சில வாரங்களில் நீக்கப்பட்டது. 2006 மார்ச்சில் சார்க்கோசி வந்தபோது சந்தித்தார். காலனியம் பற்றிய தன் நூலின் பிரதி ஒன்றைக் கையில் கொடுத்தனுப்பினார். 47 ஆண்டு வாதாடியதைவிட அந்த ஒரு மறுப்பு விரைவாக வேலை செய்தது என்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

2008 ஏப்ரல் 17 அன்று 94 வயதில் இறந்தார். அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடந்தது. உடல் ஊரிலேயே இருக்கிறது. நாட்டின் பெரியோரை அடக்கம் செய்யும் பாரிசின் பந்தெயோனில் 2011இல் பெயர்ப் பலகை மட்டும் வைத்தார்கள். அவர் இறந்த மறு ஆண்டே விலைவாசியை எதிர்த்துத் தீவு முழுக்க வேலைநிறுத்தம். 2010 ஜனவரியில், அவர் கட்சி ஒருகாலத்தில் கேட்டதுபோல் கூடுதல் தன்னாட்சி வேண்டுமா என்று மக்களிடமே கேட்டார்கள். ஏறக்குறைய 79 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். இரண்டு வாரம் கழித்து, இரண்டு மன்றங்களையும் ஒன்றாக்கலாமா என்று கேட்டதற்குச் சம்மதம் சொன்னார்கள். 1982இல் தள்ளுபடியான அதே யோசனை. 2024இலும் கடைவிலையை எதிர்த்துத் தெருவில் நெருப்பு எரிந்தது. உணவுப் பொருள் விலை பிரான்சைவிடச் சுமார் 40 சதவீதம் அதிகம் என்பது அரசுக் கணக்கு.

மேயர் பதவியை விட்ட பிறகும் அவர் பழைய நகரமன்றக் கட்டடத்தில் இருந்த தன் அறைக்குக் காலையில் வருவதை நிறுத்தவில்லை. பார்க்க வருபவர்கள் வெளியே நாற்காலியில் காத்திருப்பார்கள். பாரிஸ் பேராசிரியரும் வருவார், வீட்டுக்குத் தண்ணீர் வரவில்லை என்று சொல்ல த்ரெனெல் அம்மாவும் வருவார். அந்த அறையை அப்படியே வைத்திருக்கிறார்கள். ஃபோர்-தெ-ஃபிரான்ஸ் போனால் பார்க்கலாம்.